பித்தளைக் குரங்குக் குளிர்

ஆங்கிலேயர் ஒருவர் "அவசரம் ஒன்றுமில்லை" என்றால் உடனே ஆள் அனுப்ப வேண்டும். "குறை சொல்லக் கூடாது" என்றால் மனத்தில் குறை மலையாகக் கிடக்கிறது. "சமாளித்துக்கொள்வேன்" என்றால் கையை மீறிவிட்டது. பதினோரு வருடம் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நான் கற்ற கல்வி இவ்வளவுதான். கற்றதைச் சும்மா விடாமல் கணினியில் ஒரு பட்டியலாகவும் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பட்டியலால் ஒரு மனிதரைக் குளிரில் உட்கார வைத்தேன்.

ஹைதராபாத் கொண்டாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் எனக்கு வேலை. பிரிட்டனில் ஒரு வீட்டின் பாய்லர் நின்றுபோனால் அந்த வீட்டுக்காரர் ஓர் எண்ணுக்குப் போன் செய்வார். மணி எங்கள் மாடியில் அடிக்கும். நமக்கு பாய்லர் என்றால் குளிக்க வெந்நீர். அவர்களுக்கு வீடு முழுக்கச் சூடாக இருப்பதே அதனால்தான். ஜனவரியில் அது நின்றால் வீடே ஐஸ்பெட்டி. எங்கள் பிள்ளைகள் விவரம் கேட்டு, அவசரத்தை எடைபோட்டு, அந்த ஊர் மெக்கானிக்குக்கு நாள் குறித்துக் கொடுப்பார்கள். அவர்கள் பேசியதைப் பதிவில் கேட்டு மார்க் போடுவது நான். வயது ஐம்பத்தொன்று. அந்த மாடியில் என்னைவிட மூத்தது ஏசி மட்டும்தான்.

செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவன். சைனிக்புரியிலிருந்து ஆபீஸ் காரில் ஊரைக் குறுக்கே கடந்து வர ஒன்றரை மணி நேரமாகும். பகல் ஒன்றரைக்கு ஷிஃப்ட் தொடங்கும்போது அங்கே காலை எட்டு. ஆக, தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு இன்னொரு தடவை காலை விடியும்.

பட்டியலில் மூன்று கட்டம். அவர்கள் சொல்வது, அதன் அர்த்தம், நாம் செய்ய வேண்டியது. "டாங்கீஸ் இயர்ஸ்", அதாவது கழுதையின் வருடங்கள்: வெகுகாலமாக என்று பொருள், பழைய பாய்லர், பொறுமையாகக் கேள். "பேர் ஷேப்ட்", பேரிக்காய் வடிவம்: காரியம் கெட்டுவிட்டது, மன்னிப்பில் ஆரம்பி. "ஸ்பெண்ட் எ பென்னி", ஒரு காசு செலவழித்து வருகிறேன்: ஒன்றுக்குப் போகிறார், லைனைத் துண்டிக்காதே. "நாட் டூ கிளவர்": அறிவைப் பற்றிய பேச்சே இல்லை, உடம்பு முடியவில்லை, தனியாக இருக்கிறாரா என்று கேள். "பிராஸ் மங்கீஸ்", பித்தளைக் குரங்குகள்: எலும்பு நடுங்குகிற குளிர், அன்றைக்கே ஆள் அனுப்பு. பித்தளைக்கும் குரங்குக்கும் குளிருக்கும் என்ன சொந்தம் என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். நான் எதையும் நம்பியதில்லை. சொல் மட்டும் நிஜம்.

இப்படி இருநூற்றுச் சொச்சம். அவற்றில் ஏழு என் சொந்தச் சரக்கு.

முதலாவது ஒரு மழைக்கால மத்தியானம் உதித்தது. மேனேஜருக்குப் பேச்சில் ஜரிகை வைத்துப் பேசப் பிடிக்கும். "புதுசா ஏதாவது இருக்கா?" என்று என் மேஜைக்கு வந்து கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு எப்போதுமே வராது. "பேயிங் தி டக்ஸ் ரெண்ட், சார். வாத்துக்கு வாடகை கட்டுவது. வீண் வேலை என்று அர்த்தம்" என்றேன். மறுநாள் லண்டன்காரர்களோடு வீடியோ மீட்டிங்கில் மனிதர் கம்பீரமாக நிமிர்ந்து உட்கார்ந்து, "நாங்கள் இங்கே வாத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கவில்லை" என்றார். நான் மியூட்டில் இருந்தேன்; இல்லாவிட்டால் என் நெஞ்சு அடித்துக்கொண்டது தேம்ஸ் நதிவரை கேட்டிருக்கும். லண்டன்காரர்கள் தலையாட்டிச் சிரித்தார்கள். அப்படி ஒரு சொல் இல்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வேறு ஏதோ ஜில்லாவில் இருக்கும்போல என்று நினைத்திருப்பார்கள். அடுத்த மாதம் அவர்களில் ஒருவர் மெயிலில் அதையே எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆங்கிலேயனுக்கே ஆங்கிலம் கொடுத்துவிட்டேன் என்று வீட்டில் ஒரு வாரம் அலட்டினேன். பிறகு "மாமியார் குடை" வந்தது: மெக்கானிக் வாசலைத் தாண்டும்வரை மட்டும் தாங்குகிற ரிப்பேர். பிறகு "செவ்வாய்க்கிழமை பன்": ஊசிப்போன மன்னிப்பு. எல்லாவற்றையும் நிஜச் சொற்களுக்கு நடுவே கலந்து வைத்தேன், அரிசியில் கல் கலக்கிற கடைக்காரனைப் போல.

அந்த வாத்து சும்மா வரவில்லை. வடக்கு இங்கிலாந்தில் ஒரு சிறு ஊரிலிருந்து ஒரு பெரியவர் செவ்வாய்தோறும் போன் செய்வார். எடுப்பவர் ஆணோ பெண்ணோ, எல்லோரும் அவருக்கு "டக்". அங்கே சில ஊர்களில் அப்படித்தான் அன்பாகக் கூப்பிடுவார்களாம். எண்பதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். "பாய்லர் கொஞ்சம் கண் சிமிட்டுகிறது" என்று ஆரம்பிப்பார்; மக்கர் செய்கிறது என்று பொருள். பாய்லர் நன்றாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் பேசுவார்: பக்கத்து வீட்டுப் பூனை, முழங்கால், வானொலியில் கேட்டது. எங்கள் ஊரில் என்ன வெயில் என்று கேட்டு, "அதில் பாதியைக் கவரில் போட்டு அனுப்பு" என்பார். அவர் போனை எடுத்தால் அன்றைய பேச்சு நேரச் சராசரி கெட்டுவிடும் என்று பிள்ளைகள் தள்ளிவிடுவார்கள். நான் ஹெட்செட்டை வாங்கிக்கொள்வேன். என் பட்டியலில் கால்வாசி அவர் வாயிலிருந்து விழுந்ததுதான்.

இனி அந்த வியாழக்கிழமை. சங்கராந்தி முடிந்து, பட்டங்களின் மாஞ்சா நூல் இன்னும் மின்கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்த வாரம். டீ நேரத்தில் கேன்டீனில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். டீமில் ஒரு மதுரைப் பெண் உண்டு. முப்பது வயது, ஒரு குழந்தைக்குத் தாய், சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என் பட்டியலை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு மேஜையில் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். அன்று அவள் மாமியார் குடையைச் சொல்லி மெச்சினாள். புகழ்ச்சியில் எனக்கு வாய் அவிழ்ந்துவிட்டது.

"நெசமாவாண்ணே? நீங்களா கட்டிவிட்டதா அது?"

"மாமியார் குடை, செவ்வாய்க்கிழமை பன், வாத்து வாடகை. எல்லாம் நம்ம தயாரிப்பு. ஜீடிமெட்லா மருந்து கம்பெனில மாத்திர உருட்டுறாங்க இல்ல, அந்த மாதிரி நான் இங்க உருட்டுறேன்."

"அடப்பாவி மனுசா! போன வாரம் ஒரு கெழவிகிட்ட செவ்வாய்க்கிழமை பன்னுன்னு சொல்லித் தொலச்சேண்ணே. அது 'ஓ, லவ்லி'ன்னுச்சு."

"லவ்லிக்கு அர்த்தம் பட்டியல்ல இருக்கே. நீ பேசுறது எனக்குப் புரியலன்னு அர்த்தம்."

"இப்ப அத மட்டும் எப்படிண்ணே நம்புறது?"

மேஜையே சிரித்தது. அதிகம் சிரித்தது நான். மொத்தம் ஏழு என்றேன். மிச்சம் நாலு எது என்று அவள் கேட்டாள். கேட்டாளே, தொலையட்டும் என்று சொல்லியிருக்கலாம். "நீயே கண்டுபிடி" என்று கண்ணடித்துவிட்டு இன்னொரு உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மூன்று மணி. மார்க் போட எனக்கு வந்து விழுந்த பதிவுகளில் ஒன்று அந்தப் பெண் முந்தின நாள் பேசியது. டீ முடிந்து அரை மணிக்குள் வந்த கால். பெரியவரின் குரல். செவ்வாய்க்கிழமை இல்லையே என்று முதலில் உறைத்தது.

பாய்லர் கண் சிமிட்டுகிறது என்றார். ரேடியேட்டர் தொட்டால் ஜில்லென்றிருக்கிறது என்றார். வேறு வெப்பம் ஏதாவது உண்டா என்று அவள் விதிப்படி கேட்டாள். முன்னறையில் சின்னக் கரண்ட் ஹீட்டர் ஒன்று இருக்கிறது, சமாளித்துக்கொள்வேன் என்றார். "கொஞ்சம் பிராஸ் மங்கீஸ், அவ்வளவுதான். குறை சொல்லக் கூடாது. அவசரம் ஒன்றுமில்லை, டக்." பிறகு இரண்டு விநாடி மௌனம், அவள் மியூட்டை அழுத்தியிருக்கிறாள். திரும்பி வந்த குரலில் சிரிப்பின் மிச்சம் இருந்தது. திங்கட்கிழமை காலைக்கு நாள் குறித்தாள். அவர் நன்றி சொன்னார். பூனை இல்லை, முழங்கால் இல்லை, வெயில் கேட்கவில்லை. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, வைத்துவிட்டார். பேசுவதற்கு அவருக்கு மூச்சு போதவில்லை என்பதை நான் இரண்டாம் தடவை கேட்டபோதுதான் கவனித்தேன்.

குறிப்பில் அவள் எழுதியிருந்தது: அவசரமில்லை என்கிறார், மாற்று வெப்பம் உண்டு. என் மார்க் ஷீட்டின்படி அது அருமையான கால். வணக்கம் சரி, கேள்விகள் சரி, நன்றி சரி. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

உடனே பெரியவருக்குப் போன் போட்டேன் என்று எழுதத்தான் ஆசை. நான் முதலில் செய்தது அதுவல்ல. பட்டியலைத் திறந்து என் ஏழு சொற்களையும் அழித்தேன். அவசரத்தில் ஒன்றிரண்டு நிஜச் சொற்களும் சேர்ந்து போயின. அவற்றைத் திரும்பக் கொண்டுவர ஐந்து நிமிடம். பிறகு, பழைய பிரதி வேறு யாரிடமாவது இருக்குமோ என்ற பயம். அவள் மேஜையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது ஞாபகம் வந்தது. அதை எப்படி நகர்த்துவது என்று ஐம்பத்தொரு வயது மனிதன் ஒரு திட்டம் போட்டேன். டீயைக் கொட்டுவதுதான் திட்டம். டீ வாங்க எழுந்தேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். பாதி வழியில்தான், அங்கே ஒருவர் குளிரில் உட்கார்ந்திருக்கிறார் என்பது தலைக்கு ஏறியது. திரும்பி அவளிடம் ஓடினேன்.

"நேத்து நம்ம டக் தாத்தா பேசினாரே. ஏம்மா திங்கக்கிழமை குடுத்த?"

"அவசரமில்லன்னு அவரே சொன்னாருண்ணே."

"அவசரமில்லன்னா உடனேன்னு போட்டிருக்கேனே!"

"போட்டிருந்துச்சு. பாத்தேன். பித்தளக் கொரங்கும் பாத்தேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கே ஆள் அனுப்புன்னு இருந்துச்சு. இதுவும் அண்ணன் வேலதான்னு சிரிச்சிட்டேன். பித்தளக் கொரங்குன்னா எவன்ணே நம்புவான்?"

"அது நெசம்மா."

"எனக்கு எப்படித் தெரியும்? மனுசன் வாயத் தொறந்து சொல்றத நம்புறதா, நீங்க எழுதி வச்சத நம்புறதா? நேத்து மத்தியானம் வரைக்கும் உங்களத்தாண்ணே நம்பினேன்."

இதற்கு என்னிடம் ஜோக் இல்லை. தேடிப் பார்த்தேன், வாய் வழக்கத்தால் திறந்துகூட விட்டது. மூடிக்கொண்டு ஹெட்செட்டை வாங்கினேன்.

போன் போட்டோம். மணி அடித்தது. அவர் வீட்டு மணி இரட்டை இரட்டையாக அடிக்கும். ட்ரிங் ட்ரிங், ஓர் இடைவெளி, ட்ரிங் ட்ரிங். வழக்கமாக மூன்றாவது இரட்டைக்குள் எடுத்துவிடுவார், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர்போல. எடுக்கவில்லை. மூன்று தடவை எடுக்கவில்லை. அங்குள்ள ஆபீசுக்கு அவசரம் என்று மெயில் அனுப்பி, மெக்கானிக்கை உடனே அனுப்பச் சொன்னேன். கடைசி வரியில் "பிளீஸ்" என்று நாலு தடவை போட்டிருந்தேன்; அந்தப் பெண்தான் மூன்றை அடித்துவிட்டு அனுப்பினாள்.

பிறகு காத்திருப்பு. நான் காத்திருக்கத் தெரியாதவன். நாலாம் தடவை போன் போட்டேன். அந்தக் கரண்ட் ஹீட்டர் எவ்வளவு பெரியது என்று படம் தேடினேன். மனித உடம்பு எத்தனை டிகிரிவரை தாங்கும் என்று தேடி, பதில் வருவதற்குள் திரையை மூடினேன். ஏசிக் காற்று நேராகக் கழுத்தில் அடித்தது. நாற்காலியில் சால்வை கிடந்தது. போர்த்திக்கொள்ளக் கூடாது என்று எனக்கு நானே தண்டனை விதித்தேன். தண்டனை இருபது நிமிடம் நீடித்தது. தும்மல் வந்ததும் போர்த்திக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்: கைக்கு என்றால் ஏன், ஹவ் என்றால் அப்படியா, நக்கோ என்றால் வேண்டாம்.

"கைக்கு இந்த நேரத்துல போன்? ஷுகர் இறங்கிடுச்சா?"

"இல்ல. ஒருத்தர் போன எடுக்க மாட்டேங்கிறாரு."

"யாரு?"

"பாய்லர் தாத்தா."

அவளுக்கு அவரைத் தெரியும், பூனைவரை தெரியும். "ஹவ்? கடைக்குப் போயிருப்பாரு."

"அவரு வெளிய போறதில்ல."

"அப்ப பாத்ரூம்ல இருப்பாரு."

"நாலு தடவ அடிச்சிட்டேன்."

இருபத்தைந்து வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு சின்ன தமாஷ்."

"நக்கோ. உங்க சின்ன தமாஷெல்லாம் எனக்கும் தெரியும். என்கிட்ட பேசிட்டு உக்காராதீங்க. மறுபடி அடிங்க அவருக்கு."

ஐந்தாம் தடவை அடித்தேன். ட்ரிங் ட்ரிங். அந்த இடைவெளியில் அந்த முன்னறையைக் கற்பனை செய்யாமல் இருக்க முடியவில்லை. பதினோரு வருடத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் மணியாகப் போயிருக்கிறேன். ஒரு வீட்டையும் பார்த்ததில்லை.

ஆறு மணிக்கு மெயில் வந்தது. மெக்கானிக் போயிருக்கிறார், கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மாள் சொன்னாளாம்: காலையில் பூனையைத் தேடி வந்தவள் ஜன்னலில் பார்த்திருக்கிறாள். அவர் கோட்டும் தொப்பியும் போட்டபடி நாற்காலியில் இருந்தார், கூப்பிட்டால் பதிலில்லை. ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோயிற்று. உயிர் இருக்கிறது. மெயிலின் கடைசி வரி: "எ பிட் பூர்லி". கொஞ்சம் முடியவில்லை.

என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தப் பெண்ணும் படித்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சந்தானேண்ணே?" என்றாள்.

"எ பிட்" என்பதற்குப் பட்டியலில் நான் எழுதியிருப்பது: மிக. "பூர்லி" என்பதற்கு எழுதியிருப்பது: ஆஸ்பத்திரிக்காரர்கள் இதைச் சொன்னால் உறவினரை வரச்சொல்கிறார்கள் என்று பொருள். ஒருவேளை அவளுக்கும் அது மனப்பாடம். ஆனால் அவள் முகம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா, கொஞ்சந்தான்" என்றேன். பட்டியலில் சேர்க்காத எட்டாவது பொய் அது.

அடுத்த மூன்று செவ்வாய்க்கிழமைகளும் போன் வரவில்லை. மதியம் இரண்டு மணி ஆனால் நானும் அவளும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பழகினோம். வாடிக்கையாளரின் ஆஸ்பத்திரியை விசாரிக்க எங்களுக்கு விதியில் இடமில்லை. மேனேஜர் மட்டும் மீட்டிங்குக்கு மீட்டிங் வாத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தார். பட்டியலில் அழித்துவிட்டேன், அவர் வாயில் அழிக்க வழி தெரியவில்லை.

நாலாவது வாரம், ஒரு புதன்கிழமை, அந்தப் பெண் கையை உயர்த்தி என்னைக் கூப்பிட்டாள். "அவரு மகளுண்ணே. கணக்க மூடணுமாம்." ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

மகளின் குரல் சுத்தமாக, சுறுசுறுப்பாக இருந்தது. அப்பா இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வீட்டுக்குத் திரும்ப மாட்டார். வீட்டை விற்கப் போகிறோம். பாய்லர் திட்டத்தை நிறுத்த வேண்டும். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "ஓ, நாட் பெஸ்ட் பிளீஸ்ட்" என்றாள். பெரிய சந்தோஷத்தில் இல்லை. என் பட்டியலில் அதற்கு நேரே, மனமுடைந்து போயிருக்கிறார் என்று இருக்கும். பூனையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டார்களாம். "இந்தியாவில் இருக்கும் வாத்துகளுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். செவ்வாய்க்கிழமைகளில் நீங்கள் ரொம்பப் பொறுமையாக இருந்தீர்களாம்."

இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது என்ன என்று எழுதி ஒட்டியிருக்கிறது. நன்றி கூறு, எண்ணை உறுதிசெய், மூடு. எங்கள் தவறு என்று ஒப்புக்கொள்வதற்கு எங்கள் தொழிலில் பெயர் "ஃபேட்டல்". அந்தக் கால் முழுவதற்கும் பூஜ்யம். அதற்கு மார்க் போடப்போகிறவனும் நான்தான் என்பது எனக்கு அந்த நேரத்திலும் வேடிக்கையாகப் பட்டது.

"உங்கள் அப்பா எங்களைக் கூப்பிட்டார்" என்றேன். "குளிர்கிறது என்று அவர் பாணியில் சொன்னார். நாங்கள் அன்றே ஆள் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அதற்குக் காரணம் நான்."

பக்கத்தில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். லைனில் மூச்சுச் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு கார் போயிற்று, அந்த ஊர் ஈரச் சாலையில்.

"வெல்," என்றாள் மகள். "தீஸ் திங்ஸ் ஹேப்பன்." இப்படியெல்லாம் நடக்கத்தான் செய்யும்.

குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. பிறகு கணக்கு எண்ணைச் சொன்னாள். நான் மூடினேன். அவள் நன்றி சொன்னாள்.

ஹெட்செட்டைக் கழற்றியதும் அந்தப் பெண் கேட்டாள். "என்னண்ணே சொன்னாங்க? கோவமா? விட்டுட்டாங்களா?"

பட்டியலைத் திறந்து தேடினேன். பதினோரு வருடத்தில் எத்தனையோ தடவை காதில் விழுந்திருக்க வேண்டிய சொல். நான் குறித்து வைக்கவேயில்லை. முதல் கட்டத்தில் தட்டினேன்: தீஸ் திங்ஸ் ஹேப்பன். இரண்டாவது கட்டத்தில் கர்சர் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

"சும்மா சொல்லுங்கண்ணே."

"நெசமாத் தெரியல."

நம்பலாமா வேண்டாமா என்று யோசிப்பவள்போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குள் அவள் லைனில் மணி அடித்தது. யாருக்கோ பாய்லர் நின்றுபோயிருந்தது. எவ்வளவு குளிராக இருக்கிறது என்று அவள் கேட்டாள். பதில் வந்ததும், அதே கேள்வியை வேறு விதமாக மறுபடி ஒரு தடவை கேட்டாள்.